உவர் நீர்க் கரையில் வெந்நீர்த் தொட்டி: முதன்முறையாக வாங்கியவர்களுக்கான நீர்ப் பராமரிப்பு

மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கம் விருந்தினர் தங்கும் வீடு நடத்துபவர்களும், கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் புது வீடு கட்டி மாடியில் ஒரு மூலையை ஒதுக்கியவர்களும், ஹாட் டப் என்றோ ஜக்குஸி என்றோ அழைக்கப்படும் வெந்நீர்த் தொட்டியை முதன்முறையாக வாங்கி வைக்கும்போது, அதனுடன் வரும் கையேட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்தக் கையேடு பெரும்பாலும் குளிர் நாடுகளையும், குழாயைத் திறந்தால் வரும் நல்ல தண்ணீரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பனி உறைவதிலிருந்து குழாயைக் காப்பது எப்படி என்று அதில் பல பக்கங்கள் இருக்கும். உப்பு நீரைப் பற்றி இரண்டு வரிகூட இருக்காது. நம் கரையிலோ தொட்டியைக் கெடுப்பவை மூன்று: நிலத்தடி நீரின் உப்பும் கடினத்தன்மையும், கடற்காற்று, வெயில். இவற்றுள் முதலாவதைச் சரியாகக் கையாண்டவருக்கு மற்றவை பெரிய தொல்லை தருவதில்லை என்பதால், இந்தக் கட்டுரையும் அதிலேயே கூடுதல் நேரம் நிற்கிறது. கணக்குகள் அனைத்தும் நான்கைந்து பேர் அமரக்கூடிய, 1,200 லிட்டர் அளவுள்ள, ஹீட்டரும் ஜெட்டும் ஃபில்டரும் பொருத்திய தொட்டியைக் கொண்டு சொல்லப்படுகின்றன.

எந்தத் தண்ணீரை நிரப்புவது?

கடற்கரை மணலில் பெய்த மழைநீர், அடர்த்தி மிகுந்த உப்பு நீரின் மேல் பாலின் மேல் ஆடை படிந்ததுபோல் மிதந்து நிற்கிறது. அதனால்தான் சில அடி தோண்டிய ஊற்றில் குடிக்கத்தக்க தண்ணீர் கிடைக்க, அதே இடத்தில் ஆழமாக இறக்கிய போர்வெல்லில் வாயில் வைக்க முடியாத நீர் வருகிறது. மோட்டாரை நெடுநேரம் ஓடவிட்டு உறிஞ்சினால் மேலே நிற்கும் நல்ல நீர் மெலிந்து, அடியிலிருக்கும் உப்பு நீர் மேலேறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தை மாதத்தில் சோதித்த அதே கிணறு, ஆனி மாதத்தில் வேறு கிணறாகியிருக்கும். எனவே ஒருமுறை சோதித்த முடிவை ஆண்டு முழுவதும் நம்பாமல், தொட்டியை நிரப்பும் ஒவ்வொரு முறையும் மூல நீரைச் சோதிக்க வேண்டும்.

சோதிக்க வேண்டியவை டிடிஎஸ் எனப்படும் கரைந்த உப்புகளின் மொத்த அளவு, கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியத்தின் அளவு), காரத்தன்மை (பிஎச் எளிதில் மாறாமல் தாங்கும் திறன்), பிஎச் (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), இரும்பு ஆகிய ஐந்து. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு கருவிதான். அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மற்றவற்றைத் தொடக்கத்தில் ஒருமுறையாவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, டிடிஎஸ் 500 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. கடினத்தன்மைக்கு அந்த இரு எல்லைகளும் 200, 600. வெந்நீர்த் தொட்டிக்கு இதைவிடக் கறாராக இருக்க வேண்டியுள்ளது. கடினத்தன்மை 150 முதல் 250 வரையிலும், நிரப்பும் நாளின் டிடிஎஸ் 1,000க்குள்ளும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். கால்சியம் கார்பனேட் மற்ற பல உப்புகளைப் போலன்றி, நீர் சூடாகும்போது குறைவாகவே கரையும். ஆகவே தொட்டியில் எந்த இடம் மிகச் சூடானதோ, அந்த இடத்தில்தான், அதாவது ஹீட்டரின் கம்பிச் சுருளின் மேல்தான், சுண்ணாம்பு முதலில் படியும். படிவு தடிக்கத் தடிக்கச் சூடு நீருக்குள் இறங்காமல் கம்பிக்குள்ளேயே தேங்கி, ஒருநாள் ஹீட்டர் எரிந்துபோகும். உப்பிலுள்ள குளோரைடு வேறு வழியில் வேலை செய்கிறது: துருப்பிடிக்காத எஃகின் மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தை அங்கங்கே துளைத்து, ஊசி முனை அளவு குழிகளை உண்டாக்கி, உள்ளே அரித்துக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்க்கும்போது பளபளப்பாகவே தெரியும் ஹீட்டர் கம்பியின் உறை, உள்ளே நீர் புகுந்து, மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் அடிக்கடி விழத் தொடங்கும்போதுதான் தன் நிலையைக் காட்டும்.

அப்படியானால் முழுவதும் ஆர்.ஓ. நீரையே நிரப்பிவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரியன்று. தாதுக்கள் ஏறக்குறைய நீங்கிய நீரில் காரத்தன்மை இல்லாததால், சிறிது மருந்து போட்டாலும் பிஎச் இங்குமங்கும் தாவும். சுண்ணாம்புச் சத்துக்குப் பசித்த அந்த நீர் உலோகப் பாகங்களையும் சிமெண்ட் பூச்சையும் அரிக்கும். சிறந்த வழி இரண்டையும் கலப்பதே. போர்வெல் நீரின் கடினத்தன்மை 900, டிடிஎஸ் 3,000, ஆர்.ஓ. நீரின் கடினத்தன்மை 20, டிடிஎஸ் 60 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு போர்வெல் நீரும் நான்கு பங்கு ஆர்.ஓ. நீருமாக, அதாவது 240 லிட்டருடன் 960 லிட்டர் சேர்த்தால், கடினத்தன்மை 200க்கு அருகிலும் டிடிஎஸ் 650க்கு அருகிலும் வந்து நிற்கும். போர்வெல் நீரின் காரத்தன்மை 500 ஆக இருந்தால் அதுவும் தானாகவே 100 அளவுக்கு இறங்கிவிடும். சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. கருவியால் இவ்வளவு நீரைத் தர இயலாது. தங்கும் விடுதிகளில் வைக்கும் பெரிய ஆர்.ஓ. அமைப்போ, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வாங்கும் லாரி நீரோதான் உதவும்.

சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம், அது போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கருவி கால்சியத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சோடியத்தை வைக்கிறது, உப்பு குறைவதில்லை. சுண்ணாம்புப் படிவுக்கு மட்டுமே அது மருந்து, அரிப்புக்கு அன்று.

காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் நீர் தரத்தில் இவை எல்லாவற்றையும்விட நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒரு தொட்டி நிரம்ப 15 லிட்டர் குடத்தால் 80 குடம் வேண்டும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நல்ல தண்ணீருக்கு நடக்கும் மாவட்டத்தில், அந்த நீரைப் பொழுதுபோக்குக்குத் திருப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லாரி நீர் வாங்கினால் அது எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்பதோடு, இரும்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. வெள்ளை பிளாஸ்டிக் வாளி ஒன்றில் அந்த நீரைப் பிடித்து, திரவக் குளோரின் சில சொட்டுகள் விட்டுக் கலக்கி ஒரு மணி நேரம் வைத்திருங்கள். தெளிவாக இருந்த நீர் மெல்ல மஞ்சளித்து, தேநீர் நிறத்துக்கு மாறி, அடியில் செந்தூள் படியத் தொடங்கினால் இரும்பு உண்டு. வாளியில் நடந்தது தொட்டியில் நடந்தால் அதன் வெள்ளைச் சுவரிலும் ஃபில்டரிலும் கறை ஏறும். அந்த லாரியைத் திருப்பி அனுப்புவதே மேல்.

முதல் நிரப்பல்

புதுத் தொட்டிதானே என்று நேரடியாக நிரப்பி இறங்கிவிடக் கூடாது. பல தொட்டிகளைத் தொழிற்சாலையிலேயே நீர் ஊற்றிச் சோதித்த பின்னரே அனுப்புகிறார்கள். குழாய்களின் உள்ளே தங்கிய அந்த ஈரத்தில், கப்பலிலும் கிடங்கிலும் கிடந்த மாதங்களில் கிருமிகளின் வழுவழுப்பான படலம் வளர்ந்திருக்கும். ஆகவே முதலில் குறைந்த செலவில் கிடைக்கும் நீரை நிரப்பி, குழாய்ப் படலம் நீக்கும் மருந்தை அதன் உறையில் சொன்ன அளவில் ஊற்றி, ஜெட்டுகளை ஓடவிட்டு, மேலே வரும் பழுப்பு நுரையைத் துடைத்தெடுத்து, முழுவதையும் வடித்துவிட வேண்டும். இந்தக் கழுவலுக்கு உப்புக் கிணற்று நீர் போதும். ஆனால் ஹீட்டரை இயக்காமல் செய்து, அன்றே வடித்து, நல்ல நீரால் ஒருமுறை அலசிவிடுங்கள்.

அடுத்து, கலந்து வைத்த நீரை ஹோஸ் மூலம் ஃபில்டர் இருக்கும் குழிக்குள் விட்டு நிரப்புங்கள். தொட்டியின் நடுவில் விட்டு நிரப்பினால் மோட்டாருக்குள் காற்று அடைத்துக்கொண்டு, சத்தம் மட்டும் வந்து நீர் ஓடாமல் நிற்கும். அப்படி நேர்ந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மோட்டாருக்கு அருகிலுள்ள யூனியன் எனப்படும் திருகு இணைப்பைச் சிறிது தளர்த்தி, காற்று வெளியேறி நீர் கசியத் தொடங்கியதும் இறுக்கிவிட வேண்டும்.

நீரைச் சரிசெய்வதில் வரிசை முக்கியம்: முதலில் காரத்தன்மை, பிறகு பிஎச், கடைசியில் குளோரின். காரத்தன்மை 80 முதல் 120 வரையிலும், பிஎச் 7.2 முதல் 7.8 வரையிலும் இருக்க வேண்டும். காரத்தன்மை குறைவாக இருந்தால் ஆப்ப சோடா போதும். 1,000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் உயரும். நம் பகுதியில் அடிக்கடி எதிர்ப்படுவது இதற்கு நேர்மாறான தொல்லை, அதாவது மிகுந்த காரத்தன்மை. அதைக் குறைக்க நீச்சல்குள மருந்துக் கடைகளில் கிடைக்கும் சோடியம் பைசல்பேட் தூளைப் பயன்படுத்துங்கள். 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம், 10 பிபிஎம் அளவுக்குக் குறைக்கும். கழிப்பறை கழுவ விற்கும் ஆசிட்டைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அதில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்பது விற்பவருக்கே தெரியாது.

இங்கே பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. பிஎச்சைச் சரியாக வைத்துவிட்டுப் போய், மறுநாள் பார்த்தால் அது 8ஐத் தாண்டி நிற்கும். மருந்தில் குற்றமில்லை. ஜெட்டும் காற்றுக் குமிழும் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை வெளியேற்றுவதால் பிஎச் தானாக ஏறுகிறது. காரத்தன்மை எவ்வளவு மிகுதியோ அவ்வளவு வேகமாக ஏறும். ஆகவே பிஎச்சை மட்டும் நாள்தோறும் இறக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சோடியம் பைசல்பேட்டைப் போட்டுப் பிஎச் 7.2 வரை இறங்கவிட்டு, ஜெட்டுகளை மூடியில்லாமல் ஓடவிட்டு மீண்டும் ஏறவிட்டு, மறுபடியும் இறக்கி, இப்படி இரண்டு மூன்று சுற்றுகள் செய்தால் காரத்தன்மை படிப்படியாகக் குறையும். அது 80க்கு அருகில் வந்தபின் பிஎச் வாரக்கணக்கில் அசையாமல் நிற்பதைக் காணலாம். இதற்குப் பொறுமையாக ஒரு நாள் முழுவதும் ஒதுக்குவது, பிறகு வரும் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

குளோரின்

வெந்நீர்த் தொட்டியில் கட்டற்ற குளோரின், அதாவது இன்னும் வேலை செய்யத் தயாராக இருக்கும் குளோரின், குறைந்தது 3 பிபிஎம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. 3 முதல் 5 வரை வைத்துக்கொள்வது வசதி. குளோரினுக்குப் பதிலாகப் புரோமின் பயன்படுத்தினால் 4 முதல் 8 வரை. நீச்சல் குளத்தைவிட இங்கே ஏன் கூடுதல் வேண்டும் என்றால், சூட்டில் குளோரின் வேகமாகத் தீர்கிறது. குறைந்த நீரில் அதிகப் பேர் அமர்கிறார்கள். கிருமிகளுக்கும் அந்தச் சூடு பிடித்திருக்கிறது. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நிமோனியாவை ஆராய்ந்தபோது அடையாளம் காணப்பட்ட லெஜியோனெல்லா கிருமி, 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் பெருகுவது. ஜெட்டிலிருந்து எழும் நுண்துளிகளை மூச்சில் இழுக்கும்போது நுரையீரலுக்குள் போவது. குளித்த ஓரிரு நாளில் உடலில் சிவந்த கொப்புளங்களை உண்டாக்கும் சூடோமோனாஸ் கிருமியும் குளோரின் குறைந்த வெந்நீரில்தான் தழைக்கும்.

குளோரினின் ஆற்றல் பிஎச்சைப் பொறுத்தது. பிஎச் 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8இல் அது நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே பிஎச்சைப் பார்க்காமல் குளோரினை மட்டும் கொட்டுவது வீண் செலவு.

எந்தக் குளோரினை வாங்குவது என்பதில் கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஊராட்சித் தொட்டிகளில் போடும் பிளீச்சிங் பவுடர் மலிவானது. ஆனால் அதிலுள்ள சுண்ணாம்பு கரையாமல் அடியில் தங்கி, ஏற்கெனவே கடினமான நீரை மேலும் கடினமாக்கும். நீச்சல் குளத்துக்கான பெரிய வில்லைகள் அமிலத்தன்மை கொண்டவை. மெல்லக் கரைந்து, விழுந்த இடத்தில் தொட்டியின் பரப்பை வெளுத்துப்போகச் செய்யும். டைகுளோர் எனப்படும் குருணை பயன்படுத்த எளிது. ஆயினும் அது 10 பிபிஎம் குளோரினைத் தரும்போதெல்லாம் 9 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. திறந்த வெயிலில் இருக்கும் குளத்துக்கு அந்த அமிலம் காவல். மூடியிட்ட தொட்டியிலோ அது சேரச் சேரக் குளோரினின் கையைக் கட்டிப்போடும். அதனாலேயே வெந்நீர்த் தொட்டிகளில் அது கலந்த குளோரின் வேண்டாம் என்று மேற்சொன்ன மையம் கூறுகிறது. என் தேர்வு 10 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். 1,000 லிட்டரில் 1 பிபிஎம் உயர 10 மில்லி போதும். 1,200 லிட்டர் தொட்டியில் 3 பிபிஎம் ஏற்ற 36 மில்லி. நம் வெயிலில் இந்தத் திரவம் வைத்த இடத்திலேயே வீரியம் இழக்கும் என்பதால், பெரிய கேனாக வாங்கிச் சேர்க்காமல், தயாரித்த தேதி பார்த்துச் சிறு அளவில் வாங்கி, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். தொட்டியின் மோட்டார் அறைக்குள் மட்டும் வைக்க வேண்டாம். ஆவி அங்குள்ள செம்பு முனைகளைத் தின்றுவிடும்.

குளோரினையும் அமிலத்தையும் ஒரே குவளையில் அளக்கவோ அடுத்தடுத்து ஊற்றவோ கூடாது. இரண்டும் சேர்ந்தால் எழும் வாயு உயிருக்கு ஆபத்தானது. எப்போதும் நீரில் மருந்தைச் சேர்க்க வேண்டுமே தவிர, மருந்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது. இரு வகைக் குளோரின்களையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

சோதனை

காகிதப் பட்டை விரைவானது. ஆனால் கடலோர ஈரக் காற்றில் திறந்து வைத்த டப்பா சில வாரங்களிலேயே பொய் சொல்லத் தொடங்கும். ஈரக் கையை உள்ளே விடாமல், எடுத்தவுடன் மூடுங்கள். சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி கூடுதல் நம்பகமானது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் கையில் வைத்திருக்கும், நீரை மஞ்சளாக்கும் குளோரோஸ்கோப் மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். வேலை செய்து களைத்த குளோரினையும் அது கணக்கில் சேர்த்துவிடும். நமக்குத் தேவை இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி வகை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறமே வெளுத்து, குளோரின் இல்லாததுபோலத் தோன்றும். நிறம் ஒரு கணம் தோன்றி மறைந்தால், அந்த நீரோடு குளோரின் இல்லாத நீரைச் சம அளவு கலந்து மீண்டும் சோதித்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பயன்படுத்துபவர்கள் குளிக்கும் முன்பும், குளிக்காத நாட்களில் ஒருமுறையும் குளோரினையும் பிஎச்சையும் பார்த்தால் போதும். விருந்தினருக்குத் திறந்துவிடுபவர்கள் காலையும் மாலையும், ஒவ்வொரு குழுவுக்குப் பின்னும் பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். நோட்டு இல்லாத பராமரிப்பில், நீர் கலங்கிய அன்று எங்கே தவறியது என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

இறங்குபவர்கள்

நீரைக் கெடுப்பது பெரும்பாலும் மனித உடல்தான். அக்னி தீர்த்தத்தில் மூழ்கி எழுந்தவர்கள் மேலில் உப்பும் மணலுமாகவும், அரியமான் கரையில் விளையாடியவர்கள் வெயில் பூச்சுக் களிம்போடும் வந்து நேராக இறங்குவார்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காதவர் குறைவு. எண்ணெய் நீரின் மேல் மிதந்து, சுவரில் நீர்மட்டக் கோடாகப் படிந்து, ஃபில்டரின் மடிப்புகளை அடைத்துவிடும். மஞ்சள், சந்தனம், திருநீறு, கஞ்சி போட்ட பருத்தித் துணி ஆகியவையும் இதே தொல்லையைத் தருபவை. எனவே தொட்டிக்கு அருகிலேயே நல்ல தண்ணீர் வரும் ஷவர் ஒன்றை வைத்து, சோப்புப் போட்டுக் குளித்து நன்றாக அலசிய பின்பே இறங்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். எழுதியதைப் படிக்க மாட்டார்கள், வாயாலும் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தொட்டிக்கு விடுமுறை.

சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மது அருந்தியவரை இறக்கவே கூடாது.

ஃபில்டரும் காற்றும் வெயிலும்

ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றி, மடிப்புகளை விரித்து, ஹோஸ் நீரை மேலிருந்து கீழாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். காரைக் கழுவும் உயர் அழுத்தக் கருவி துணியைக் கிழித்துவிடும். மாதம் ஒருமுறை ஃபில்டர் கழுவும் மருந்தில் இரவு முழுவதும் ஊறவிட்டு அலசுங்கள். இரண்டு ஃபில்டர்களை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது, ஒன்றை நன்றாகக் காயவிட வாய்ப்பளிக்கும். தென்மேற்குக் காற்று ஓங்கி வீசும் மாதங்களில் தென்கடலைப் பார்த்த வீடுகளில் நுண்மணலும் உப்புத் தூவலும் மிகுதி. அப்போது வாரம் இருமுறை கழுவ வேண்டியிருக்கும். வடகடல் பக்கத்து வீடுகளுக்கு இதே நிலை வாடைக் காலத்தில் வரும். தொட்டியை வைக்கும்போதே மோட்டார் அறையின் கதவு காற்றுக்கு எதிர்ப்புறமாக இருக்குமாறு வைப்பதும், வெளிப்புறத்தை நல்ல நீரால் அவ்வப்போது துடைப்பதும் மின்பலகையின் ஆயுளைக் கூட்டும். பனையோலைக் கூரையின் கீழ் தொட்டி வைப்பது பார்வைக்கு அழகுதான்; ஆனால் காற்றடிக்கும்போதெல்லாம் தூளும் பூச்சியும் கொட்டும். நிழல் வலையோ தகடோ மேல்.

சித்திரை, வைகாசியில் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். மோட்டாரின் சூடும் வெயிலும் சேர்ந்தே நீரை 35 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். சில தொட்டிகளில் நீர் தானாகவே மிகச் சூடாகி இயந்திரம் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது ஃபில்டர் ஓடும் நேரத்தைப் பகலிலிருந்து இரவுக்கு மாற்றி, பல சிறு பகுதிகளாகப் பிரித்து வையுங்கள். குளோரினை எப்போதும் பொழுது சாய்ந்த பின் போடுங்கள். மூடியில்லாத நீரில் நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்திலேயே பாதிக் குளோரினைத் தின்றுவிடும்.

வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்த மட்டத்தை மறுபடியும் போர்வெல் நீரால் நிரப்பினால் உப்பு மேல் உப்பாகச் சேரும். எனவே இடையில் சேர்க்கும் நீர் ஆர்.ஓ. நீராகவே இருக்கட்டும்.

புயல், மழைக் காலத்தில் மின்சாரம் ஒரு நாளுக்கு மேல் நின்றால், ஓடாத வெந்நீரில் கிருமி வளரும் என்பதை நினைவில் வைத்து, மூடியைத் திறந்து குளோரின் சேர்த்துக் கையாலேயே கலக்கிவிடுங்கள். அதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்தியிருக்க வேண்டும். மழைநீர் உள்ளே இறங்கியிருந்தால் காரத்தன்மை குறைந்திருக்கும். மின்னல் வெட்டும்போது தொட்டியில் யாரும் இருக்கக் கூடாது.

சில அறிகுறிகள்

குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது என்றால் குளோரின் அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்த குளோரினின் வாடைதான் அது. மூடியைத் திறந்து வைத்து, குளோரினை 10 பிபிஎம் வரை ஏற்றி, ஜெட்டுகளை அரை மணி நேரம் ஓடவிட்டு, அளவு 5க்கு இறங்கும்வரை யாரையும் இறக்காதீர்கள். நீர் பால்போல் வெளுத்துக் கலங்கினால் முதலில் பிஎச்சையும் கடினத்தன்மையையும், பிறகு ஃபில்டரையும் பாருங்கள். நுரை அடங்காவிட்டால் சோப்பும் எண்ணெயும் சேர்ந்துவிட்டன. நுரை அடக்கும் மருந்து ஒரு மாலைக்கு உதவும், நீரை மாற்றுவதே தீர்வு.

வடிப்பதும் எங்கே விடுவது என்பதும்

எவ்வளவு கவனித்தாலும் நீர் கிழடாகிவிடும். லிட்டர் அளவை 11ஆல் வகுத்து, வந்ததை நாளொன்றுக்கு இறங்குபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்பது கிடைக்கும். 1,200 லிட்டரில் தினமும் நால்வர் என்றால் ஏறக்குறைய 27 நாள். அதற்கு முன்பே டிடிஎஸ் தொடக்க அளவைவிட 1,500 கூடிவிட்டால் காத்திருக்க வேண்டாம். வடிப்பதற்கு முந்தைய நாள் குழாய்ப் படலம் நீக்கும் மருந்தை மீண்டும் ஓடவிடுங்கள். அப்படி மருந்து ஓடிய நீர் செடிகளுக்கு ஆகாது. அதைக் கழிவுநீர் வடிகாலில் விடுங்கள். மருந்து போடாத நீரானால், குளோரின் சேர்ப்பதை நிறுத்தி, மூடியைத் திறந்து வெயிலில் விட்டு, சோதனையில் குளோரின் இல்லை என்று கண்ட பின்னரே தென்னைக்குப் பாய்ச்சலாம். உப்பைத் தென்னை ஓரளவு தாங்கும். தங்கச்சிமடத்திலிருந்து வாங்கி வந்து நட்ட மல்லிகை தாங்காது. ஊருணியிலோ அதன் வரத்துக் காலிலோ ஒரு சொட்டும் விடக் கூடாது. செப்டிக் டேங்கிலும் வேண்டாம். மலத்தைச் சிதைக்கும் கிருமிகள் அழியும். வீட்டுக்கு முன்னாலுள்ள கடலில் விட்டுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகளையும் சுற்றியுள்ள பவளப் பாறைகளையும் கொண்ட மன்னார் வளைகுடா, 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா.

குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போய் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைப்பவர்கள் தொட்டியில் நீரை விட்டுச் செல்ல வேண்டாம். குளோரின் தீர்ந்த சில நாட்களில் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கும். மெயின் சுவிட்சை நிறுத்தி, முழுவதும் வடித்து, ஜெட் குழாய்களில் தேங்கிய நீரை ஊதும் கருவியால் வெளியேற்றி, மோட்டாரின் வடிகால் திருகையும் திறந்துவிடுங்கள். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். மூடியை இறுக்கிப் பூட்டாமல், கொசு வலைத் துணியை விளிம்பில் செருகிச் சிறு இடைவெளி விட்டு மூடினால், உள்ளே புழுக்கம் தங்காமல் பூஞ்சை பிடிக்காது. திரும்பி வந்ததும், நிரப்புவதற்கு முன், கிணற்று நீரின் டிடிஎஸ்ஸை மறுபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.